காலித் தொட்டியின் கனம் அறிந்த மெர்வின் ட்ரெகில்காஸ் அவர்களுக்கு

போர்ட் ஹெசல் நகரின் செவ்வாயையும் புதனையும் தம் சக்கரங்களால் விடியவைத்தவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு வாசலையும் தவறவிடாத வண்டிக்காரரே! எங்கள் குப்பையைக் கிடங்கில் கொட்டி, எங்கள் கதையை மட்டும் எவரிடமும் கொட்டாத கண்ணியவானே! அன்பர் மெர்வின் அவர்களே, வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்க, நகராட்சிப் பணிமனை ஊழியர்கள் அனைவரின் சார்பிலும் இம்மடலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. "கோரல், நீதான் எழுதணும். எங்க யாருக்கும் நாலு வரிக்கு மேல வராது. அதுலயும் மூணு வரி கெட்ட வார்த்தையா இருக்கும்" என்று மேற்பார்வையாளர் டிராய் சொல்லிவிட்டார். எடைமேடைச் சாவடியின் ஜன்னலுக்குள் உட்கார்ந்து, உங்கள் வண்டியை குப்பையோடும் வெறுமையாகவும் இத்தனை ஆண்டுகள் எடைபோட்டவள் என்பதால் நானும் மறுக்கவில்லை. மறுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

பணியின் பெருமைகளை வரிசைப்படுத்துவது இத்தகைய மடலின் வழக்கம். வரிசைப்படுத்திப் பார்த்தேன்; சிறிய வரிசையாகத்தான் வந்தது. நீங்கள் செய்தது ஒரே வேலை. புழுதிப் புயல் கண்ணை மறைத்த நாளிலும் செய்தீர்கள். குடாவின் நீர் கரையேறி எஸ்பிளனேட் சாலை மூழ்கிய நாளில், மிதந்துபோன பதினொரு குப்பைத் தொட்டிகளை வீட்டு எண் பார்த்து உரியவரிடம் சேர்த்தீர்கள். திருமதி பாஸ்கோவின் பல்செட் தவறி விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நான்கு டன் குப்பையைக் கிளறி ஒரு பல்செட்டைக் கண்டெடுத்தீர்கள். அது வேறொருவருடையது என்பது உங்கள் குற்றமல்ல.

ஆனால் உங்களை மற்ற வண்டிக்காரர்களிலிருந்து வேறுபடுத்தியது உங்கள் ஆர்வம். வண்டி எடைமேடையில் ஏறி நின்றதும், என் ஜன்னலில் இரண்டு தட்டுத் தட்டி, "கோரல், ஒரு சந்தேகம்" என்பீர்கள். பேக்கரியின் மாவுச் சாக்கு வாரத்துக்கு ஒன்பதாக இருந்தது ஏன் ஏழானது? முடிதிருத்தும் கடையின் மயிர்ப் பை ஏன் பாதியாகிவிட்டது? மழலையர் பள்ளியில் ஏன் வண்ணக் காகிதம் குறைந்திருக்கிறது? பதில் தெரியாதவளிடம் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதே என் வேலையின் பெரிய இன்பம்.

அந்தக் கேள்விகளில் பெரியது, நீங்கள் வேலைக்கு வந்த ஐந்தாம் ஆண்டில் பிறந்தது. அதுவரை ஊருக்கு வடக்கே இருந்த பீரங்கிச் சோதனைத் தளம் நாள்தோறும் காலை பத்து மணிக்கு முதல் குண்டைச் சுடும். வீடுதோறும் அலமாரிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பனிப்போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது உலகத்தோடு சேர்ந்து நாங்களும் மகிழ்ந்தோம். தளத்து உணவகத்தில் கேக் வெட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பட்ஜெட்டில் பாதுகாப்புச் செலவைக் குறைத்தபோதுதான், அந்தக் கேக் எங்கள் மேசையிலிருந்து வெட்டப்பட்டது என்று தெரிந்தது. அறுநூற்று நாற்பது பேர் வேலை பார்த்த இடத்தில் இரண்டு சுற்றுக்குப் பின் எண்பத்தைந்து பேர் மிஞ்சினார்கள். கோப்பைகள் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டன.

அடுத்த மூன்று மாதம் உங்கள் வண்டி என்றுமில்லாத கனத்தோடு வந்தது. அடிலெய்டு பத்திரிகை ஒன்று, போர்ட் ஹெசல் அடியைத் தாங்கிக்கொண்டது, கடைகளில் கூட்டம் குறையவில்லை என்று எழுதியது. நீங்கள் அந்தத் தாளை என் ஜன்னலில் நீட்டினீர்கள்.

"கோரல், இவன் கடையப் பாத்திருக்கான். நான் தொட்டியப் பாக்கறேன். எல்லாம் டிவிப் பெட்டி, பிரிட்ஜு அட்டை. வேலைய விட்டு அனுப்பினப்ப குடுத்த காசு. இது வயித்துக்குப் போற கனமில்ல."

அதன்பின் மெத்தைகளும், பாதி தீர்ந்த ஜாம் புட்டிகளும், சக்கரம் போன மூன்று சக்கர வண்டிகளும் வந்தன. குடும்பங்கள் கிளம்பிப் போகும்போது விட்டுச்செல்பவை. அதன்பின் வண்டி இலேசாயிற்று. தளத்தில் ஒருவர் வேலை இழந்தால் ஊருக்குள் எத்தனை பேர் இழப்பார்கள் என்ற கேள்வி அப்போதுதான் உங்களைப் பிடித்தது. ஓராண்டு அதைச் சுமந்து திரிந்து, ஒரு புதன்கிழமை பதிலைக் கொண்டுவந்தீர்கள். "ரெண்டுக்கு ஒண்ணு, கோரல். அங்க ரெண்டு பேர் போனா இங்க ஒருத்தர் போறார். முதல்ல சலவைக்கடை, அப்புறம் பேக்கரிப் பொண்ணு, அப்புறம் டீச்சர்." குப்பையிலிருந்து இதைக் கணித்த நீங்கள் பள்ளியில் கணக்கில் இரண்டு முறை தோற்றவர் என்று என் கணவர் சொல்லுவார். அவர் உங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து மூன்று முறை தோற்றவர்.

என் கணவர் க்ளெம் ஹோக்கிங். இங்கே அவரை அறியாத இளைஞர்களும் இருப்பதால் சொல்கிறேன்: குண்டை வெடிக்கவைக்கும் உருகிகளைப் பொருத்தும் பிரிவில், தளத்தில் மேஸ்திரி. அதைவிடப் பெரிய பதவி ஒன்று அவருக்கு இருந்தது. மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் தளத்துக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடிக்கும் படைக்கு அவரே தளபதி. கட்டடம், கம்பம், கற்கள் எதுவும் தப்பாது. ஆனால் வருகிறவர் நடந்துபோகும் வழியிலிருந்து தெரியும் பக்கத்துக்கு மட்டும்தான் பூச்சு. அதற்கு "கர்னல் பாக்கிற பக்கம்" என்று பெயர். தளத்தின் கட்டடங்களுக்கெல்லாம் முதுகு துருப்பிடித்திருக்கும். இரண்டாம் சுற்று ஆட்குறைப்பில் க்ளெமும் வெளியே வந்தார். அந்தப் பெரிய தூரிகையையும் ஒரு டின் பெயின்டையும் கையோடு கொண்டுவந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கான்பெராவிலிருந்து ஒரு குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. தளத்தின் மூடிய இயந்திரப் பட்டறையை ஊரிடம் ஒப்படைத்து, வேலை இழந்தவர்களுக்கு மூன்று ஆண்டுப் பயிற்சிக்கு உதவலாமா, அந்த அளவுக்கு இந்த ஊர் நொடித்திருக்கிறதா என்று பார்க்க வந்தார்கள். கடிதம் நகராட்சிக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. குழு வருகிறது என்ற முதல் வரியோடு எல்லோரும் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். தளம் பழக்கிய முப்பது ஆண்டுப் பழக்கம், மெர்வின்! கால்பந்துக் கழகத்தில் க்ளெம் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"நோட்டுப் புத்தகத்தோட வர்றவன் எவனா இருந்தாலும் அது இன்ஸ்பெக்‌ஷன்தான். செத்த ஊருன்னு எழுதிட்டுப் போனா மிச்சம் இருக்கிற எண்பத்தஞ்சு வேலையையும் இழுத்து மூடிடுவாங்க. அவங்க கண்ணுக்கு ஒரு துரு தெரியக் கூடாது."

"காலி வீட்டை என்ன பண்றது க்ளெம்? அதுக்கும் பெயின்ட் அடிக்கணுமா?"

"முன்பக்கம் மட்டும். கர்னல் பாக்கிற பக்கம்!"

கூடம் சிரித்து அடங்கியதும் பின்வரிசையிலிருந்து உங்கள் குரல் கேட்டது. "அவங்க எதுக்கு வர்றாங்கன்னு யாராவது கடிதாசியக் கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"மெர்வு, நீ தொட்டியத் தூக்கறதோட நிறுத்திக்கடா" என்றார் க்ளெம். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஊர் அலங்கரித்துக்கொண்ட அழகை என்னவென்று சொல்வது! நூற்றுப் பன்னிரண்டு காலி வீடுகளின் முன் புல் வெட்டப்பட்டது. ஆளில்லாத கொல்லைகளில் துணி காய்ந்தது. க்ளெமின் நான்கு சட்டைகள் நான்கு வீடுகளில் தொங்கின. பிள்ளைகள் ஒரே தெருவைச் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குப்பை எடுக்கும் நாளுக்கு முந்தின மாலை, ஒவ்வொரு காலி வீட்டின் தொட்டியையும் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு உருட்டிவந்து வைத்தார். எங்கள் ஹோவிட்சர் தெருவில் பதினான்கு, பதினாறு, பதினெட்டு எண் தொட்டிகளை வைத்தவள் நான். செவ்வாய் காலை கிழக்குப் பக்கத் தெருக்களில் குழுவின் கார் மெல்லப் போயிற்று. வாசலில் தொட்டி இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார் என்று குறித்துக்கொண்டார்கள்.

அன்று நண்பகல் பேக்கரி வரிசையில் உங்களுக்கு முன்னால் அந்தக் குழுவின் இளம் அலுவலர் இங்க்ரிட் வாஸ் நின்றிருந்தார். இந்த ஊருக்குப் பட்டறை தேவைப்படாது போலிருக்கிறதே, எல்லா வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்களே என்று கடைக்காரம்மாவிடம் மகிழ்ச்சியாகச் சொன்னாராம். கடைக்காரம்மா பெருமையாகத் தலையாட்டினாராம். நீங்கள் இறைச்சி அடைத்த பேஸ்ட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு ஒன்றுதான் கேட்டீர்கள்: "நாளைக்கு மேற்குப் பக்கம் குப்பை எடுக்கற நாள். அஞ்சரை மணிக்கு என் வண்டியில வர்றீங்களாம்மா? நாத்தம் பழகிடும்."

அந்தப் பயணத்தைப் பற்றி அவரே பின்னால் என்னிடம் சொன்னார். முதல் வீட்டில் வண்டியின் இயந்திரக் கை நீண்டு தொட்டியைப் பிடித்து, முனகிக்கொண்டு மெல்லத் தூக்கியது. அடுத்த வீட்டில் தொட்டி விருட்டென்று மேலே பாய்ந்து, மூடி தடதடவென அடித்துக்கொண்டது. இங்க்ரிட் பதறிவிட்டார்.

"ஐயோ, கை உடைஞ்சிருச்சா?"

"இல்லம்மா. தூக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

மூன்றாவது தெருவில் அவர் நோட்டை மூடிவைத்துக் கண்ணையும் மூடிக்கொண்டாராம். முனகலும் தடதடப்பும் மாறி மாறி வருவதைக் காதாலேயே எண்ணினார். "இது சோகமா இருக்குன்னு சொல்லணும். ஆனா எனக்கு அடுத்தது என்ன சத்தம் வரும்னு தெரிஞ்சுக்க ஆசையா இருந்தது, கோரல்" என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். உங்கள் நோய் அவரையும் தொற்றியிருந்தது.

வண்டி எடைமேடைக்கு வந்தது. நான்கு டன் நூறு கிலோ. இங்க்ரிட் இறங்கிவந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வாரத்தின் எடைச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். என் இழுப்பறையில் இருந்தது. ஏழு டன் அறுநூறு. அதைக் கொடுத்தால் ஊரின் வேடம் கலையும். வேடத்தை இழைத்து இழைத்துப் பூட்டியவர் என் கணவர். கொடுக்காவிட்டால் பட்டறை கிடைக்காது. அது கிடைக்காவிட்டால் அந்தக் கணவர் என்ன வேலைக்குப் போவார்? நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடித் துடைப்பானில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தீர்கள். முடிவை என்னிடமே விட்டீர்கள். இரண்டு சீட்டுகளையும் நகலெடுத்துக் கொடுத்தவள் நான்தான், மெர்வின். இந்தக் கூட்டத்தில் பலருக்கு இது புதிய செய்தி.

அன்று மதியமே க்ளெம் பணிமனைக்கு வந்துவிட்டார். இங்க்ரிட் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தெருவே பார்த்திருந்தது.

"டேய் மெர்வு, ஊரே நல்ல சட்டை போட்டுக்கிட்டு நின்னுச்சு. நீ போய்ப் பொத்தானக் கழட்டிட்டியேடா!"

"உள்ள பனியன்கூட இல்லையேடா, க்ளெம்."

"சிரிப்பு காட்டாத. அந்தம்மா கையில பழைய எடைச்சீட்டு இருக்காமே, யாரு குடுத்தா?"

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றீர்கள்.

நான் ஜன்னலுக்குள் இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் ஏழு மாதம் கால்பந்துக் கழகத்தில் உங்களுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. க்ளெம் இன்னும் ஒரு படி மேலே போனார். தம் குப்பையை நீங்கள் தொடக்கூடாது என்று தொட்டியைக் கொட்டகையில் பூட்டிவைத்து, சனிக்கிழமைதோறும் குப்பையைத் தாமே காரில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுவந்தார். வழி என் எடைமேடை மேலாகத்தானே!

"எவ்வளவு?"

"இருபது கிலோ. அஞ்சு டாலர்."

"கொள்ளை."

"வாசலுக்கே வந்து ஒருத்தர் சும்மா எடுத்துட்டுப் போறாராமே, சார்."

"அவர் பேர எடுக்காத."

சிரித்துக்கொண்டே காசு வாங்கினேன். உள்ளே எப்படி இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். செவ்வாய்தோறும் எங்கள் வெற்று வாசலில் வண்டியை ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் போவீர்கள்.

குழுவின் அறிக்கை வசந்தத்தில் வந்தது. பட்டறை ஊருக்கு, மூன்று ஆண்டுப் பயிற்சிக்கும் உதவி. தளத்தின் எண்பத்தைந்து வேலைகளையும் யாரும் தொடவில்லை. அறிக்கை ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. பட்டறையில் கற்றுக்கொடுக்க ஆள் தேவை, வருகிறீர்களா என்று க்ளெமைக் கேட்டிருந்தார்கள். சமையலறை மேசையில் அவர் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். இந்த முறை கடைசி வரை. கடைசிப் பக்கத்தில் இரண்டு எடைச்சீட்டுகளின் நகலும், நகலெடுத்துக் கொடுத்தவரின் முதலெழுத்துகளும் இருந்தன.

"கோ. ஹோ." என்றார். "யாரு இது? கையெழுத்து நல்லா இருக்கே."

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏழு மாசம் அவன் ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லல."

"நீயும் சொல்லல."

"சொல்லல, க்ளெம்."

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். அடுத்த திங்கள் மாலை எங்கள் தொட்டி வாசலுக்கு வந்தது. செவ்வாய் காலை நாங்கள் இருவரும் திரைக்குப் பின்னால் நின்றோம். வண்டியின் கை தொட்டியைப் பிடித்தது, கொஞ்சம் தூக்கியதும் உள்ளே ஏதோ உருண்டது, கை நின்றது. நீங்கள் இறங்கி மூடியைத் திறந்தீர்கள். உள்ளே தளத்துச் சாம்பல் பெயின்ட் டின்னும் அந்தப் பெரிய தூரிகையும் மட்டும் இருந்தன. வெகுநேரம் பார்த்தீர்கள். பெயின்ட் டின்னைத் தொட்டியில் போடக் கூடாது என்பது விதி. டின்னை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, தொட்டியின் மூடியில் மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டை ஒட்டினீர்கள். தூரிகையை மட்டும் வண்டிக்குள் எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

"பாத்தியா கோரல், சீட்டு ஒட்டிட்டுப் போறான் படுபாவி!" என்று க்ளெம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. வீட்டுச் செருப்போடு தெருவில் ஓடினார். "டேய் மெர்வு! நில்லுடா!" நீங்கள் அடுத்த முனையில் நின்றீர்கள். அங்கே என்ன பேசினீர்கள் என்று இருவருமே எனக்குச் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமை கழகத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

பட்டறையில் க்ளெம் பதினேழு ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார். அவர் போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அடக்கம் முடிந்த வாரம் நான் தொட்டியை வெளியே வைக்கவில்லை. அதில் போட எதுவும் இருக்கவில்லை. காலையில் வண்டிச் சத்தம் வாசலில் நின்றது. நீங்கள் இறங்கி, பக்கக் கதவைத் திறந்து, என் காலித் தொட்டியை உருட்டிக்கொண்டுபோய், வண்டியின் கையில் கொடுத்து, தூக்கி, இறக்கி, திரும்பக் கொண்டுவந்து வைத்தீர்கள். அந்தத் தடதடப்பு தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் கையில் சூப்போடு வந்தாள். ஆறு வாரம் அப்படியே செய்தீர்கள். ஏழாம் வாரம் நானே வெளியே வைத்தேன். உள்ளே கொஞ்சம் உருளைத் தோலும் தேயிலைச் சக்கையும் இருந்தன. வண்டியின் கை மெல்லத் தூக்கியது. நீங்கள் இரண்டு முறை ஹாரன் அடித்தீர்கள்.

இன்றும் எங்கள் ஊர் சிறிய ஊர்தான். சில வியாழக்கிழமைகளில் மட்டும் ஒரு குண்டுச் சத்தம் கேட்கிறது. பேக்கரிக்கு மாவு ஐந்து சாக்கு. அது ஆறாகுமா, ஆகுமென்றால் எதனால் என்ற கேள்வியை நீங்கள் ஓய்வுக்குப் பிறகும் விடமாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். புது வண்டிக்காரி ஷார்லீனிடம் சொல்லிவைத்திருக்கிறோம், வந்து கேளுங்கள்.

சென்ற வாரம் உங்கள் வண்டியைச் சுத்தம் செய்த டிராய், இருக்கைக்குப் பின்னால் ஒரு பழைய தூரிகையைக் கண்டெடுத்து, "இது எதுக்கு கோரல், இந்த ஆளு வண்டிக்கு மையும் பூசினாரா?" என்று கேட்டார். மயிர் விறைத்துப்போயிருந்தது. இரண்டு நாள் ஊறவைத்தேன். கொட்டகையில் நான் பத்திரப்படுத்திய பெயின்ட் டின்னின் அடியிலும் கொஞ்சம் மீந்திருந்தது, கரைத்தேன். இம்மடலுக்கு மரச்சட்டம் செய்தபோது, சுவரைப் பார்க்கும் பின்பக்கத்துக்கு மட்டும் அந்தச் சாம்பல் நிறத்தைப் பூசி, முன்பக்க மரத்தை அப்படியே விட்டுவிட்டேன். கர்னல் பார்க்காத பக்கம். க்ளெம் இருந்தால் வேலையைத் தலைகீழாகச் செய்துவிட்டேன் என்று கத்துவார். நீங்கள் திருப்பிப் பார்ப்பீர்கள். உங்களால் திருப்பாமல் இருக்க முடியாது.

இனிச் செவ்வாய்க்கிழமைகளில் எட்டு மணிவரை உறங்குங்கள். முழங்கால் வலி தீர்ந்து, குடாவில் மீன் நிறைந்து, பல்லாண்டு நலமாக வாழுங்கள். உங்கள் வீட்டுத் தொட்டி என்றும் கனமாக இருக்கட்டும்!

இங்ஙனம்,
எடைச்சீட்டைக் கொடுத்த கோரல் ஹோக்கிங்
மற்றும்
போர்ட் ஹெசல் நகராட்சிப் பணிமனை ஊழியர்கள்